பட்டறையின் ஒரு கோடியில் மட்டும் அழுகிய சின்ன வெங்காயம்

திருப்பூர் மாவட்டம் குண்டடம் பக்கம் எங்கள் தோட்டத்தில், அறுவடை செய்த வெங்காயத்தைச் சேமித்து வைக்கும் பட்டறையின் தென்கோடியில் மட்டும் அழுகல் வாடை. அடியில் மூங்கில் படல் வழியே நீர் கசிந்தது. வடகோடியில் தோல் சரசரவென்று காய்ந்து நன்றாகவே இருந்தது.

யூரியா கூடிவிட்டது என்றார்கள் சிலர். அதே காட்டில் விளைந்த வெங்காயம்தான் பங்காளி பட்டறையிலும் கிடந்தது, அங்கே ஒன்றும் ஆகவில்லை. கூரை ஒழுகலோ என்று தென்னங்கீற்றை மாற்றினேன். கொட்டிப் பொறுக்கி மறுபடி அடுக்கினேன். திரும்பவும் அதே கோடியில் அழுகல்.

அப்புறம் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) வந்து பார்த்து, "அடியில காத்து ஓடுதான்னு பாரு சாமி" என்றார். படலுக்குக் கீழே ஊதுபத்தியைக் காட்டினேன். வடக்கே புகை சட்டென்று கிழக்கே சாய்ந்து ஓடியது. தெற்கே அசையாமல் நேராக ஏறி, வெங்காயத்துக்குள்ளேயே புகுந்தது.

பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வரும் மேல்காற்றுதான் ஆடியில் எங்கள் பட்டறைகளைக் காய வைக்கிறது. பட்டறையைத் தெற்கு வடக்காக நீட்டிப் போடுவதே அந்தக் காற்று குறுக்கே புகுந்து போகத்தான். தென்மேற்கு மூலையில் புதிதாக ஏறிய சோளத்தட்டுப் போர் அதை மறித்து நின்றது.

போரைப் பிரித்துக் கிழக்கே போட்டோம். படலுக்கடியில் உதிர்ந்து மெத்தையாகக் கிடந்த வெங்காயத் தோலையும் வாரி எடுத்தோம். இதையும் பலர் கவனிப்பதில்லை. அழுகியதைக் கழித்து அடுக்கிய பிறகு கசிவு நின்றுவிட்டது. இப்போது தெற்கேயும் ஊதுபத்திப் புகை கிழக்கேதான் ஓடுகிறது.