மனச்சிதைவு உள்ளவரின் வாழ்க்கைத் தரத்தை அளப்பது எப்படி

வாழ்க்கைத் தரத்தைக் கேட்கும் கேள்வித்தாளை, நோயுள்ளவரோடு வந்த அம்மாவிடம் கொடுத்து நிரப்பாதீர்கள். மகனுக்குக் காதில் குரல் கேட்பது நின்றாலே அம்மாவுக்கு நிம்மதி. மகனுக்கோ வேலை இல்லை, பேச ஆள் இல்லை. பதில் அவர் வாயிலிருந்தே வர வேண்டும். அம்மா வெளி பெஞ்சில் உட்காரட்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வாழ்க்கைத் தரக் கேள்வித்தாளுக்கு 26 கேள்விகள் கொண்ட சுருக்க வடிவம் (WHOQOL-BREF) தமிழிலேயே இருக்கிறது. உடல், மனம், உறவு, சூழல் என நான்கு பகுதி. ஒவ்வொரு பதிலுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டலாம். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்ப வாசியுங்கள். விளக்கப் போனால் நம் எண்ணம் அவர் பதிலில் ஏறிவிடும்.

கேட்பது கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி மட்டும். மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரரிடம் "போன ரெண்டு வாரச் சந்தைக்குள்ள" என்றால் சட்டென்று பிடிபடும். விடிகாலை பஸ் பிடித்து வந்து பெரியாஸ்பத்திரி ஓ.பி. வரிசையில் பசியோடு நிற்பவரிடம் அங்கேயே கேட்கக் கூடாது. சாப்பிட்டு உட்கார்ந்த பிறகு கேளுங்கள். மாத்திரையால் வரும் தூக்கம், கால் நிலைகொள்ளாத தவிப்பு இருந்தால் ஓரத்தில் குறித்துவையுங்கள்; உடல் பகுதி மதிப்பெண் சரிய அதுவே காரணமாக இருக்கலாம்.

26-வது கேள்வி மனச்சோர்வு, விரக்தி பற்றியது. "எப்பவும்" என்று பதில் வந்தால் தாளை மூடிவிட்டு, சாகத் தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் அப்போதே டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

கணக்கில் அதிகம் தப்புவது 3, 4, 26-ஆம் கேள்விகளில். இவற்றில் எண் கூடினால் நிலை மோசம் என்பதால் தலைகீழாக்க வேண்டும்: 6-இலிருந்து பதிலைக் கழியுங்கள். பிறகு ஒவ்வொரு பகுதியின் சராசரியையும் 4-ஆல் பெருக்குங்கள். 0–100 அளவுக்கு மாற்ற 4-ஐக் கழித்து, 100-ஆல் பெருக்கி, 16-ஆல் வகுக்கவும்.

தாம்பத்தியம் பற்றிய 21-வது கேள்வியைப் பலர் தாண்டிவிடுவார்கள். வற்புறுத்த வேண்டாம். உறவுப் பகுதியில் மூன்றே கேள்விகள். ஒன்று விட்டுப்போனால் மற்ற இரண்டின் சராசரி போதும். அவை 2, 3 என்றால் சராசரி 2.5, நான்கால் பெருக்க 10, மாற்றினால் 37.5. இரண்டு விட்டுப்போனால் அந்தப் பகுதிக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

இன்னொரு சிக்கல்: பல வருடம் நோயோடு இருந்தவர் ஆசைகளைச் சுருக்கிக்கொண்டு "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அதனால் நேற்று விடிந்ததிலிருந்து படுக்கும் வரை என்ன செய்தார், யாரிடம் பேசினார் என்றும் கேட்டு எழுதுங்கள். 1984-இல் வந்த ஹைன்ரிக்ஸ்–கார்ப்பென்டர் அளவுகோல் இந்த வகையைச் சேர்ந்தது: 21 அம்சங்கள், 0 முதல் 6, பயிற்சி பெற்றவர் முக்கால் மணி நேரம் பேசி மதிப்பிடுவது. கேள்வித்தாள், இந்த அளவுகோல் இரண்டின் மதிப்பெண்ணும் ஒத்துப்போகாவிட்டால் ஒன்றை அடிக்காமல் இரண்டையும் பதிவில் வையுங்கள்.

நான்கு பகுதிகளையும் கூட்டி ஒரே எண்ணாக்காதீர்கள். உடல் 70, உறவு 25 என்று வந்தவருக்கு மாத்திரையை மாற்றும் முன் பகல்நேரப் பராமரிப்பு, தொழிற்பயிற்சி பற்றிப் பேசுங்கள்.