உயிருக்கு அஞ்சி மதத்தை மறுத்தவர் செய்தது சரியா? கடலூர்ப் பக்கம் ஒரு மாலைக் கலந்துரையாடலை நடத்தும் முறை

இந்தக் கேள்வியைப் பொதுவில் எடுத்துப் போட்டால் உடனே இரண்டு பதில் வரும். ‘உயிரே போனாலும் விடக் கூடாது’ என்பார் ஒருவர். ‘உயிர் இருந்தால்தானே சாமி’ என்பார் இன்னொருவர். பத்து நிமிஷத்தில் இரண்டும் முட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைத் தாண்டிப் போக முன்னேற்பாடு வேண்டும்.

12 முதல் 15 பேர் போதும், அதற்கு மேல் போனால் பாதிப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். கோயில் மண்டபம், பங்குக் கோயில் அரங்கு, பள்ளிவாசல் வளாகம் மூன்றும் வேண்டாம். பள்ளிக்கூட வகுப்பறையோ நூலக அறையோ நல்லது. பாய் விரித்து வட்டமாக உட்காருங்கள். மைக் வைத்தால் பேச்சு பிரசங்கமாகிவிடும். மாலை 5 மணிக்குத் தொடங்கினால் நடுவில் மக்ரிப் என்ற அந்தித் தொழுகைக்கு 15 நிமிஷம் விடுங்கள். பிரதோஷ நாளைத் தவிருங்கள். மொத்தம் இரண்டே கால் மணி நேரம்.

முதலில் கேள்வியை நாலாக உடைத்து, நாலு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி நடுவில் வையுங்கள். என்ன கேட்டார்கள்: ஒரு சொல்லா, ஒரு செயலா, ஒரு காகிதமா? கத்தி யார் கழுத்தில்: அவர் கழுத்திலா, பிள்ளை கழுத்திலா? அவர் மறுத்ததால் வேறு யாராவது மாட்டிக்கொண்டார்களா? பிறகு திரும்பி வர வழி இருந்ததா? எந்தக் கதை வந்தாலும் நாலு அட்டையையும் தொட்ட பிறகுதான் ‘சரி, தப்பு’ என்று யாரும் வாய் திறக்க வேண்டும்.

கடலூரில் எல்லோரும் செய்யும் தவறு அப்பரில் தொடங்குவது. நீற்றறையில் (சுண்ணாம்புக் காளவாயில்) ஏழு நாள், நஞ்சு, யானை, கடைசியில் கல்லோடு கட்டிக் கடலில் எறிந்தும் கரையேறியது என்று பெரியபுராணம் சொல்லும் வரலாறு இங்கே குழந்தைக்கும் தெரியும். கரையேறவிட்டகுப்பம் என்று ஊர்ப்பெயரே இருக்கிறது. அதை முதலில் வைத்தால் பயந்தவரைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அப்பரைப் பின்னால் எடுங்கள். எடுக்கும்போது ஒன்றைச் சொல்ல மறக்காதீர்கள்: சமணத்துக்குப் போனதும் அவரே, சூலை நோயில் திருவதிகை வந்து சைவத்துக்குத் திரும்பியதும் அவரே. மனம் மாறி மதம் மாறுவது வேறு, கத்திமுனையில் வாயால் மறுப்பது வேறு. இந்த இரண்டும் கலந்துபோனால் அன்றைய மாலை வீண்.

எடுக்க வேண்டிய முதல் கதையும் இந்த மண்ணுடையதுதான். 1906-ல் வந்த தென்னார்க்காடு மாவட்ட கெஸட்டியரில் (அரசின் மாவட்ட விவரத் தொகுப்பில்) பதிவான மரபு இது. 1478-ஐ ஒட்டி செஞ்சித் தலைவர் ஒருவர், பெண் கேட்ட இடத்தில் சமணர்கள் தன்னை அவமானப்படுத்திவிட்டதாகக் கோபம் கொண்டு அவர்கள் தலையை வெட்ட உத்தரவிட்டாராம். சிலர் செத்தார்கள், சிலர் ஊரைவிட்டு ஓடினார்கள், பலர் நெற்றியில் நீறு பூசிப் பிழைத்தார்கள். அப்படிப் பிழைத்தவர்களில் சிலர் வீட்டுக்குள் பழைய நோன்பை விடவில்லை. திண்டிவனம் பக்கத்து வேலூரில் ஒருவர் பொழுது சாயும் முன் சமண முறைப்படி தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தபோது பிடிபட்டார்.

இதை வாயால் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். ஒரு செம்பு, ஒரு பாத்திரம், இரண்டாக மடித்த வெள்ளைப் பருத்தித் துணி, ஒரு லிட்டர் தண்ணீர் கொண்டுவாருங்கள். வட்டத்தின் நடுவில் ஒருவர் மெதுவாக வடிகட்டட்டும், மற்றவர்கள் பேசாமல் பார்க்கட்டும். துணியைப் பிழியக் கூடாது. பிழிந்தால் அதில் தங்கிய சிற்றுயிர் சாகும் என்பதுதான் அந்த நோன்பே. இரண்டு நிமிஷம் ஆகும். பிறகு கேளுங்கள்: நெற்றியில் நீறு, கையில் இந்தத் துணி. இவர் மறுத்தவரா, மறுக்காதவரா?

கதையின் மீதியும் முக்கியம். விடுதலையான அவர் கன்னட நாட்டுச் சமணத் தலமான சிரவணபெளகுளம் போய் வீரசேனாசாரியார் என்ற துறவியானார். தாயனூர்ச் சமணர் கங்கய்ய உடையார் அவரை அழைத்துவந்து, நீறு பூசியவர்களைத் திரும்பச் சேர்த்தார். நாலாவது அட்டைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அடுத்து ரோம். கி.பி. 250-ல் பேரரசர் டேசியஸ் எல்லோரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலி செலுத்திச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்றார். கிறிஸ்தவர்களில் சிலர் பலியிட்டார்கள், சிலர் காசு கொடுத்துக் காகிதம் மட்டும் வாங்கினார்கள். இரண்டும் ஒன்றா என்று திருச்சபைக்குள்ளேயே பெரிய சண்டை. 325-ல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம், வற்புறுத்தலே இல்லாமல் மறுத்தவர்களுக்குக்கூட 12 ஆண்டுத் தவம் வைத்ததே ஒழிய, கதவைச் சாத்தவில்லை. இதைச் சுருக்கமாகவே முடியுங்கள்.

நபித்தோழர் அம்மார் இப்னு யாசிர் வரலாற்றை முஸ்லிம் ஒருவர் சொன்னால் நல்லது. சித்திரவதை தாங்காமல் வாயால் மறுத்துவிட்டு அழுதபடி வந்தவரிடம், உள்ளம் எப்படி இருக்கிறது என்றுதான் நபிகள் நாயகம் கேட்டார்கள். குர்ஆன் 16:106 இதையொட்டி, உள்ளத்தில் நம்பிக்கை இருக்க வற்புறுத்தலால் மறுத்தவருக்கு விதிவிலக்கு தருகிறது. அவருடைய தாய் சுமையா மறுக்காமல் கொல்லப்பட்டார். ஒரே வீட்டில் இருவருக்கும் மரியாதை உண்டு என்பதை அழுத்திச் சொல்லுங்கள்.

கடைசியாக ஜப்பான். 1614-ல் கிறிஸ்தவத்துக்குத் தடை. பிறகு, இயேசு, மரியாள் உருவத் தகட்டை மிதிக்கச் சொல்லிச் சோதித்தார்கள். மிதித்துவிட்டு வீட்டில் ஜெபித்தவர்களின் சந்ததி 1865-ல் நாகசாகியில் பெத்திஜான் என்ற குருவிடம் தங்களை வெளிப்படுத்திக்கொண்டது. புதுச்சேரி மறைப்பணியை 1776-ல் ஏற்ற அதே பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்தவர் அவர். இதற்கு எதிர்ப்பக்கம் ஃபெரெய்ரா: 1633-ல் குழியில் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டு மறுத்த பாதிரியார். பின்னால் மற்றக் கிறிஸ்தவர்களை விசாரிக்கவும் உதவினார். மூன்றாவது அட்டை இங்கேதான் கனக்கும்.

எங்கள் தீர்ப்பை மறைக்கவில்லை. இன்னொருவர் உயிரைக் காக்கச் சொன்ன மறுப்பு சரியானது. தன் உயிருக்காகச் சொன்னது மன்னிக்கத்தக்கது மட்டுமல்ல, பல நேரம் நியாயமும்கூட. காட்டிக்கொடுப்பது இந்தக் கணக்கில் சேராது. ஆனாலும் நடத்துபவர் தன் கருத்தைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும்.

பேச்சு இன்றைய மதமாற்றச் செய்திகளுக்கும் சாதிக்கும் நழுவும். 1900-க்கு முந்தையது மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். செல்போனில் பதிவு வேண்டாம். ‘நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று யாரையும் கேட்காதீர்கள். ஆபத்தில்லாத அறையில் எல்லோரும் வீரர்கள்தான். வீட்டில் நிஜமாகவே அப்படி ஒரு கதை உள்ளவர் அதோடு வாயை மூடிக்கொள்வார்.

அதற்குப் பதில் கடைசி 20 நிமிஷத்துக்கு அரைத்தாள் கொடுத்து வேறொன்று கேளுங்கள்: மறுத்தவர் பத்து வருஷம் கழித்து உங்கள் வாசலுக்கு வருகிறார், முதலில் என்ன சொல்வீர்கள்? எழுதியதை வாசிக்கச் சொல்லாதீர்கள், கை தூக்கி ஓட்டெடுக்கவும் வேண்டாம். தாளை அவரவர் மடித்து எடுத்துப் போகட்டும்.