ஒகேனக்கல்லில் குளித்தபின் காது அடைக்கிறதா? குடையாமல் குறும்பி எடுக்கும் முறை

ஒகேனக்கல்லில் ஆசைதீரக் குளித்துவிட்டு ஊர் திரும்பியதும் ஒரு காது மட்டும் பஞ்சு வைத்ததுபோல் அடைத்துக்கொள்ளும். தலையைச் சாய்த்து எவ்வளவு குதித்தாலும் தண்ணீர் வராது. பெரும்பாலும் உள்ளே நிற்பது தண்ணீர் அல்ல, ஊறிப் பெருத்த குறும்பி. அது காய்ந்து ஓரமாகக் கிடந்தவரை ஒலி நுழைய ஓர் இடுக்கு இருந்தது. உப்பியதும் அதுவும் அடைபட்டது.

குறும்பியை அழுக்கு என்று நினைப்பதில்தான் தவறு தொடங்குகிறது. காதுக்குழாயின் வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில் சுரக்கும் கசிவும் உதிர்ந்த தோலும் சேர்ந்ததே அது. தூசியைப் பிடித்து வைக்கும், தோலை நீரிலிருந்து காக்கும். குழாயின் தோல் செவிப்பறையிலிருந்து வெளிப்பக்கமாக மெல்ல நகர்ந்தபடியே இருப்பதால், குறும்பி தானாக வாசலுக்கு வந்து உதிர்ந்துவிடும். பட்ஸ், ஊக்கு, வண்டிச் சாவி எதை விட்டாலும் இந்த ஓட்டம் தலைகீழாகிறது. ஒட்டி வருவது கொஞ்சம். மிச்சம் உள்ளே இடிபட்டு இறுகும். பெரியவர்களின் குழாயே சுமார் 2.5 செ.மீ. நீளம்தான். அதன் கடைசியில் இருக்கும் செவிப்பறையின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ.

குவாரியிலும் ஓசூர் ஆலைகளிலும் காதடைப்பான் போடுபவர்களுக்குக் குறும்பி சேர்வது அதிகம். அதற்காக அடைப்பானைக் கழற்றிவிடாதீர்கள். குறும்பியை எடுத்துவிடலாம், இரைச்சலில் போன கேள்வித்திறன் திரும்பாது.

மருந்து விடுமுன் வாயை மூடி ‘ம்ம்ம்’ என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் கூடுதலாகக் கேட்டால் அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். நல்ல காதில் கூடுதலாகக் கேட்டு, மற்றது திடீரென மந்தமாகியிருந்தால் உள்காது நரம்புக் கோளாறாக இருக்கலாம். சொட்டு மருந்தில் நாள் கடத்தாமல் அன்றே காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் போங்கள். அதற்கான சிகிச்சை தாமதமானால் பலன் குறையும்.

காதில் வலி, சீழ், இரத்தம் இருந்தாலோ, செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ, காதில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ வீட்டில் எதையும் ஊற்றக் கூடாது.

மற்றவர்கள் ஆலிவ் எண்ணெய் அல்லது பாதாம் எண்ணெய் வாங்கிக்கொள்ளலாம் (பாதாம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு ஆலிவ்தான்). புட்டியை ஐந்து நிமிடம் உள்ளங்கையில் பொத்தி வையுங்கள். அந்தச் சூடு போதும். மார்கழியில் ஓசூர்ப் பக்கம் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும் என்று கரண்டியில் பூண்டோடு காய்ச்சி ஊற்றுகிறார்கள். வேண்டவே வேண்டாம், காதுத்தோல் வெந்துபோகும். சில்லென்ற எண்ணெய் ஊற்றினாலும் தலைசுற்றும். உடல் சூடே சரியான அளவு.

அடைத்த காது மேலே இருக்கும்படி படுத்து, காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து 2 அல்லது 3 சொட்டு விடுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் அப்படியே படுத்திருங்கள். எழுந்ததும் வழிவதை வெளியே மட்டும் துடைத்தால் போதும், பஞ்சு அடைக்க வேண்டாம். நாளுக்கு 3 அல்லது 4 தடவை, 3 முதல் 5 நாள். முதல் இரண்டு நாளில் குறும்பி இன்னும் ஊறி, கேட்பது மேலும் குறையலாம். பலரும் இங்கேதான் பயந்து பட்ஸை எடுக்கிறார்கள். பொறுங்கள், இளகியது பெரும்பாலும் தூக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துவிடும்.

ஐந்து நாளில் திறக்காவிட்டால் தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது-மூக்கு-தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். ஊறிய குறும்பியை உறிஞ்சுகருவியால் சில நிமிடத்தில் எடுத்துவிடலாம். சர்க்கரை நோய் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குப் பீச்சாங்குழலில் தண்ணீர் அடித்துக் கழுவினால், ஈரத்தில் கிருமி பிடித்து எலும்புவரை பரவும் ஆபத்து உண்டு.

களத்துமேட்டில் விளையாடும் குழந்தை காதில் ராகியோ அவரை விதையோ போட்டுக்கொண்டால் தண்ணீர் விடக் கூடாது, ஊறி இறுகிவிடும். பொத்தான் பேட்டரி என்றால் சொட்டு மருந்தும் கூடாது. சில மணி நேரத்திலேயே தோலை அரித்துவிடும் என்பதால், இரவானாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.