வெற்றுத்தாளை வைத்துப் படிப்பது எப்படி? முதலாமாண்டு பொறியியல் மாணவர்களுக்கான செய்முறை

பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்துப் பொறியியல் சேரும் பலர் முதல் செமஸ்டரிலேயே ஒன்றிரண்டு அரியர் வைத்துவிடுகிறார்கள். பாடம் கஷ்டம், ஆங்கிலம் புரியவில்லை, ஹாஸ்டல் ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொரு காரணம். பள்ளியில் ஸ்லிப் டெஸ்ட், காலாண்டு, அரையாண்டு, அதற்கப்புறம் திருப்புதல் தேர்வுகள் என்று ஆசிரியர்கள் விடாமல் எழுத வைத்தார்கள். ஒரே கேள்விக்குப் பலமுறை விடை எழுதிய பிறகுதான் பொதுத்தேர்வுக்கே போனீர்கள். கல்லூரியில் அந்த அளவுக்கு யாரும் எழுத வைக்கமாட்டார்கள். அதை நீங்களே செய்துகொள்ள வேண்டும். எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

"நான் நான்கு தடவை படித்தேனே, ஹாலில் ஒன்றும் வரவில்லை" என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. திரும்பத் திரும்பப் படிக்கும்போது பக்கம் பழகிவிடுகிறது. பழகியதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு பத்தியைப் படித்த பிறகு மீண்டும் படிப்பது ஒரு முறை; படித்ததைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதுவது இன்னொரு முறை. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மீண்டும் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள்: பத்தியில் 81 சதவீதம் அவர்களுக்கு நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். மீண்டும் படித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. செமஸ்டர் தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை என்பதால் நமக்கு இரண்டாவது கணக்குதான் முக்கியம்.

படி 1: முதலில் வினாத்தாளைப் பாருங்கள்

செமஸ்டர் தொடங்கிய முதல் வாரமே ஒவ்வொரு பாடத்துக்கும் சிலபஸ் ஒரு பிரதி, பழைய வினாத்தாள் நான்கைந்து எடுத்து ஜெராக்ஸ் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். சீனியர்களிடமும் நூலகத்திலும் கிடைக்கும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்டமும் தேர்வு விதிகளும் அடங்கிய தொகுப்பு) பொதுவாக ஒரு தியரி பாடத்துக்கு ஐந்து யூனிட். தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு நடக்கும்: டூ மார்க் பத்து, பதின்மூன்று மார்க் கேள்வி ஐந்து, பதினைந்து மார்க் ஒன்று. பெரிய கேள்விகளில் இது அல்லது அது என்று சாய்ஸ் உண்டு. இந்த 100ஐ 60ஆகக் குறைத்து, இன்டர்னல் (செமஸ்டரின் நடுவே கல்லூரியிலேயே போடும் மதிப்பெண்) 40உடன் கூட்டுவார்கள். தேர்ச்சிக்கு மொத்தத்தில் 50 சதவீதமும், எழுத்துத் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதமும் வேண்டும். இன்டர்னல் கைநிறைய இருந்தும் அரியர் விழுவது பெரும்பாலும் இந்த 45ஐத் தொடாததால்தான். தன்னாட்சிக் கல்லூரியில் படிப்பவர்களும் புதிய ரெகுலேஷனில் சேர்ந்தவர்களும் தங்கள் சிலபஸ் புத்தகத்தின் விதிமுறைப் பக்கங்களை ஒருமுறை நிதானமாகப் படித்துவிடுங்கள்.

படி 2: அன்றைய பாடத்தை அன்றைக்கே எழுதுங்கள்

இதுதான் இந்த முறையின் உயிர். வகுப்பு முடிந்த அன்று மாலை ஒரு பாடத்துக்குப் பதினைந்து இருபது நிமிடம் போதும். நோட்டையும் போனையும் தள்ளி வையுங்கள். ஒரு வெற்றுத்தாளின் மேலே தலைப்பை மட்டும் எழுதி, இன்று நடத்தியதில் நினைவிருப்பதை எல்லாம் நீலப் பேனாவில் எழுதுங்கள். வரிசை, இலக்கணம், கையெழுத்து எதைப் பற்றியும் கவலை வேண்டாம். ஞாபகம் வராத இடத்தில் கொஞ்சம் முட்டி மோதுங்கள்; உடனே நோட்டைத் திறக்காதீர்கள். அந்த முட்டல் பாடத்தை மனதில் பதிய வைக்கிறது.

பொறியியல் வேதியியலில் முதல் யூனிட் தண்ணீர் சுத்திகரிப்பு. அதில் பாய்லர் பிரச்சினைகள், அதாவது நீராவி உண்டாக்கும் கொதிகலனில் தண்ணீரால் வரும் சிக்கல்கள் என்ற பகுதியை அன்று நடத்தினார்கள் என்று வையுங்கள். உங்கள் தாளில் இப்படி வரலாம்:

"ஸ்கேல், ஸ்லட்ஜ். ஸ்கேல் கெட்டி, சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஸ்லட்ஜ் மென்மை, ஒட்டாது. ஸ்லட்ஜை புளோ டவுன் செய்து (பாய்லர் தண்ணீரில் ஒரு பகுதியைத் திறந்துவிட்டு) எடுக்கலாம். ஸ்கேல் வந்தால் எரிபொருள் வீணாகும். எந்த உப்பு எதில்? அப்புறம் பிரைமிங், ஃபோமிங்... இன்னும் ஏதோ இரண்டு."

அரைப்பக்கம்தான் வந்திருக்கும். பரவாயில்லை, அதுதான் அன்றைக்கு உங்களிடம் உண்மையில் இருப்பது.

படி 3: சிவப்புப் பேனா

இப்போது நோட்டைத் திறங்கள். விட்டதையும் தப்பாக எழுதியதையும் மட்டும் சிவப்பில் சேருங்கள். மேலே சொன்ன தாளில் சிவப்பில் வருவது: ஸ்லட்ஜ் உண்டாக்குபவை மெக்னீசியம் குளோரைடு, மெக்னீசியம் கார்பனேட், கால்சியம் குளோரைடு போன்றவை, ஸ்கேல் உண்டாக்குபவை கால்சியம் பைகார்பனேட், கால்சியம் சல்ஃபேட் போன்றவை. விட்டுப்போன இரண்டு, காஸ்டிக் எம்பிரிட்டில்மென்ட்டும் (காரத்தால் பாய்லர் உலோகம் நொறுங்கும் தன்மை அடைவது) பாய்லர் அரிப்பும்.

சும்மா பெயர்களைச் சேர்த்துவிட்டு நிற்காமல், ஒரு "ஏன்" கேள்வியையும் கேளுங்கள். கால்சியம் சல்ஃபேட் ஏன் பாய்லரின் சூடான பரப்பில் போய்ப் படிகிறது? சர்க்கரை சூடான தண்ணீரில் அதிகம் கரையும். கால்சியம் சல்ஃபேட் அதற்கு நேர்மாறு, சூடு ஏற ஏற அதன் கரைதிறன் குறையும். அதனால் எங்கே சூடு அதிகமோ அங்கே கெட்டியாகப் படிகிறது. இந்தக் காரணம் பிடிபட்டால் டூ மார்க் விடையை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை, தானாக வரும்.

படி 4: தாளைக் கேள்வியாக்குங்கள்

தாளின் பின்பக்கத்தில் மூன்று நான்கு கேள்வி எழுதி வையுங்கள். பழைய வினாத்தாளில் அதே பகுதியிலிருந்து வந்த கேள்விகளைப் பார்த்து, அந்தப் பாணியிலேயே எழுதினால் நல்லது. "ஸ்கேலுக்கும் ஸ்லட்ஜுக்கும் வேறுபாடு", "புளோ டவுன் என்றால் என்ன", "பாய்லர் பிரச்சினைகளை விளக்குக". தேதியையும் போட்டு, பாடவாரியாகக் கோப்பில் அடுக்குங்கள்.

படி 5: இடைவெளி விட்டுத் திரும்ப வாருங்கள்

அந்தக் கேள்விகளுக்கு மறுநாள் வாயால் பதில் சொல்லிப் பாருங்கள். மெஸ்ஸுக்கு நடக்கும்போதே முடிந்துவிடும். மூன்று நான்கு நாள் கழித்து ஒருமுறை, அடுத்த வார இறுதியில் எழுத்தில் ஒருமுறை, இன்டர்னல் தேர்வுக்கு முன் ஒருமுறை. சரியாக வந்ததைத் தள்ளிப் போடலாம். வராததைச் சீக்கிரம் திரும்ப எடுங்கள். ஒரே நாளில் ஐந்து தடவை எழுதுவதைவிட இப்படிப் பிரித்து எழுதுவது அதிக நாள் நிற்கும்.

இரண்டு வாரம் எழுதாமல் விட்டுப்போனால் பழைய பாக்கியைத் தீர்க்கிறேன் என்று உட்காராதீர்கள், அதில்தான் பலர் சோர்ந்து மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். இன்றைய வகுப்பிலிருந்து தொடங்குங்கள். விட்டதை வார இறுதியில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியுங்கள்.

கணக்குப் பாடத்துக்கு மட்டும் ஒரு மாற்றம்

கணக்கில் தீர்வைப் படிப்பது படிப்பே இல்லை. கேள்வியை மட்டும் தாளில் எழுதி, தீர்வை மூடிவிட்டுப் போடுங்கள். சிக்கினால் ஒரே ஒரு வரியைத் திறந்து பார்த்துவிட்டு மீண்டும் மூடுங்கள். விடை வந்தபின் சரிபார்க்கவும் பழகுங்கள். 2, 1 முதல் வரிசையாகவும் 1, 2 இரண்டாம் வரிசையாகவும் உள்ள அணிக்கு ஐகன் மதிப்புகள் 1, 3. அவற்றின் கூடுதல் 4. அணியின் முதன்மை மூலைவிட்டத்தின் கூடுதலும் 4. பெருக்கல் 3; டிடர்மினன்ட்டும் (அணிக்கோவை) 3. இந்த இரண்டும் பொருந்தாவிட்டால் எங்கோ தப்பு. அரை நிமிட வேலை. பதின்மூன்று மார்க் கணக்கை முதல் அடியிலேயே தப்பாகக் கொண்டுபோவதிலிருந்து இது காப்பாற்றும்.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு

உங்கள் வெற்றுத்தாளைத் தமிழிலேயே எழுதுங்கள், கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்தில் எழுதுங்கள். புரிதல் தமிழில் நடப்பதில் எந்தக் குறையும் இல்லை. 2010 முதல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியிலேயே நடத்திவருகிறது. ஆங்கிலவழித் தேர்வு எழுதுபவர்கள் வார இறுதியில் எழுதும் அந்த ஒரு தடவையை மட்டும் முழுக்க ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். சின்னச் சின்ன வாக்கியம் போதும். தெளிவான படம், பாகங்களின் பெயர், வேறுபாட்டுக்கு அட்டவணை, சமன்பாடு இவையெல்லாம் மதிப்பெண் தருபவை. இவற்றுக்கு ஆங்கிலப் புலமை தேவையில்லை. நடையைப் பார்த்துக் கூச்சப்பட்டு எழுதாமல் விடுவதுதான் நஷ்டம்.

படி 6: ஸ்டடி ஹாலிடேஸும் தேர்வு ஹாலும்

விடுமுறையில் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். கோப்பை எடுங்கள். ஒரு யூனிட்டின் பின்பக்கக் கேள்விகளுக்கு விடை எழுதிப் பார்த்து, தடுமாறும் தாள்களைத் தனியாகப் பிரியுங்கள். நேரத்தை அவற்றுக்கே கொடுங்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு முழு வினாத்தாளை மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுதிவிடுங்கள், இது கட்டாயம். கை வலிப்பது, பதினைந்து மார்க்குக்கு நேரம் போதாமல் போவது எல்லாம் அறையிலேயே தெரிந்துவிடும். முந்தின நாள் இரவு சிவப்பில் இருப்பதை மட்டும் படித்துவிட்டுத் தூங்கலாம்.

ஹாலில் 180 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: டூ மார்க் பத்துக்கும் சேர்த்து 30 நிமிடம், பதின்மூன்று மார்க் ஒவ்வொன்றுக்கும் 23 நிமிடம், பதினைந்து மார்க்குக்கு 25 நிமிடம். ஒரு கேள்வி நன்றாகத் தெரியும் என்பதற்காக அதில் 40 நிமிடம் உட்காராதீர்கள். அதற்கும் அதிகபட்சம் 13தான், விட்டுப்போகும் கேள்விக்குப் பூஜ்யம். மீதி 10 நிமிடம் கையில் இருக்கும். அதில் கேள்வி எண்களைச் சரிபாருங்கள். குறிப்பாக, 11 (ஏ) எழுதினீர்களா 11 (பி) எழுதினீர்களா என்பது ஒவ்வொரு பெரிய விடையின் பக்கத்திலும் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.