பிரிட்டனில் எந்த சேனல் யாருக்கானது? தெரிந்து பார்க்க ஒரு வழிகாட்டி

பிரிட்டனில் ஒரு வீட்டுத் தொலைக்காட்சியை ஃப்ரீவியூ என்ற இலவச ஒளிபரப்புச் சேவையுடன் இணைத்தவுடன், மாதக் கட்டணம் ஏதுமின்றியே பல பத்து சேனல்கள் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. அவற்றில் எது யாரை மனத்தில் வைத்து நடத்தப்படுகிறது என்பதை நிகழ்ச்சிகளின் பெயர்களைக் கொண்டு மட்டும் கண்டறிய இயலாது. ஒரு சேனலுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அரசும் சட்டமும் அதனிடம் எதைக் கேட்கின்றன என்ற இரண்டையும் முதலில் தெரிந்துகொண்டால், மற்றவை பெரும்பாலும் தாமாகவே விளங்கும்.

ஆகவே பிபிசியிலிருந்து தொடங்குங்கள். 1927 முதல் அரச சாசனத்தின் கீழ் இயங்கிவரும் இந்த நிறுவனம், வீடுகள் செலுத்தும் தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தைக் கொண்டு நடக்கிறது. உள்நாட்டு சேனல்களில் விளம்பரம் கிடையாது. பெரும்பாலான வீடுகள் பணம் கொடுப்பதால் எல்லாருக்கும் ஏதாவது கொடுக்க வேண்டிய கடமை அதற்கு உண்டு. அந்தக் கடமையை பிபிசி ஒன்னும் பிபிசி டூவும் இரண்டாகப் பிரித்துக்கொள்கின்றன. மாலை ஆறு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் வரும் செய்திகள், 1985 முதல் ஓடிக்கொண்டிருக்கும் ஈஸ்ட்எண்டர்ஸ் தொடர், 2004 முதல் இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் வரும் ஸ்ட்ரிக்ட்லி கம் டான்ஸிங் நடனப் போட்டி என, குடும்பம் மொத்தமும் ஒன்றாக அமர்ந்து பார்ப்பவை பிபிசி ஒன்னில் இடம்பெறும். 1964-இல் தொடங்கப்பட்ட பிபிசி டூவில், கல்லூரி அணிகள் மோதும் யுனிவர்சிட்டி சேலஞ்ச், நியூஸ்நைட் அரசியல் விவாதம், தோட்டக்கலை நிகழ்ச்சி, ஷெஃபீல்டில் நடக்கும் உலக ஸ்நூக்கர் போட்டி போன்று, எண்ணிக்கையில் குறைவானவர்கள் ஆழ்ந்த ஈடுபாட்டுடன் பார்ப்பவை வரும்.

1955-இல் லண்டனில் தொடங்கிய ஐடிவி, பிரிட்டனில் விளம்பர வருவாயை நம்பிப் பிறந்த முதல் சேனல். வட்டாரத்துக்கு ஒரு நிறுவனம் என்ற அமைப்பில் வளர்ந்ததால், அதன் நாடகங்களில் லண்டனுக்கு வெளியே உள்ள இங்கிலாந்தின் பேச்சும் வாழ்க்கையும் தொடக்கத்திலேயே இடம்பெற்றன. மான்செஸ்டரின் கிரனாடா நிறுவனம் 1960-இல் தொடங்கிய கொரோனேஷன் ஸ்ட்ரீட், வட இங்கிலாந்தின் உழைக்கும் மக்கள் வாழும் ஒரு தெருவின் கதையாக இன்றுவரை தொடர்கிறது. ஏராளமானோர் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் விளம்பரதாரர் பணம் தருவார் என்பதால், தொடர் நாடகம், துப்பறியும் கதை, பெரிய போட்டி நிகழ்ச்சி ஆகியவற்றையே ஐடிவியில் அதிகம் காண்பீர்கள்.

சேனல் 4-இன் அமைப்பு சற்று வித்தியாசமானது. என் பார்வையில், பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் மிகவும் கூர்ந்து பார்க்க வேண்டிய சேனலும் இதுவே. 1982 நவம்பர் 2 அன்று தொடங்கிய இது பொதுச் சொத்து, ஆனால் வருவாய் விளம்பரத்திலிருந்து வருகிறது. ஐடிவி கவனிக்காத சுவைகளைக் கவனிக்க வேண்டும், புதியதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சட்டமே அதற்குக் கட்டளையிட்டது. தானே நிகழ்ச்சி தயாரிக்காமல் வெளி நிறுவனங்களிடம் வாங்கி ஒளிபரப்பும் முறையில் அது வளர்ந்ததால், பல சிறிய தயாரிப்பு நிறுவனங்கள் அதனால் உருவாயின. இளைஞர்கள், சிறுபான்மைச் சமூகத்தினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரை அது தனிக் கவனத்துடன் அணுகுகிறது. 2012 லண்டன் பாராலிம்பிக் போட்டிகளை விரிவாக ஒளிபரப்பியதும், இலங்கைப் போரின் இறுதி மாதங்களைப் பற்றிய ஆவணப்படத்தை 2011 ஜூனில் வெளியிட்டதும் அந்தக் கட்டளையின் வழியில் வந்தவையே. 1997-இல் வந்த சேனல் 5 தனியாருடையது. ஊர்ப்புற வாழ்க்கை, ரயில் பயணம் பற்றிய இலகுவான ஆவணத் தொடர்களும் பகல்நேரத் திரைப்படங்களும் அங்கே மிகுதி.

இந்த வேறுபாட்டைக் கண்ணெதிரே காண, கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப் என்ற கேக் சுடும் போட்டி சேனல் மாறிய வரலாற்றைக் கவனியுங்கள். 2010-இல் அது பிபிசி டூவில் தொடங்கியது; கூடாரத்துக்குள் அமெச்சூர் சமையல்காரர்கள் மாவு பிசைவதைப் பார்க்க ஒரு சிறு கூட்டமே வரும் என்ற கணக்கு அதில் இருந்தது. கூட்டம் பெருகியபோது 2014-இல் பிபிசி ஒன்னுக்கு உயர்ந்தது. 2016 இறுதிச் சுற்றை 1.4 கோடிப் பேர் பார்த்தனர். தயாரிப்பு நிறுவனம் கேட்ட விலையை பிபிசி தர மறுத்ததால் 2017-இல் சேனல் 4-க்குச் சென்றது. அங்கே விளம்பரங்களுக்கு இடம்விட்டு ஒரு மணி நேரம் 75 நிமிடமானது. மொத்தப் பார்வையாளர்கள் குறைந்தாலும், விளம்பரதாரர்கள் விரும்பும் இளம் பார்வையாளர்களை அது சேனல் 4-க்குக் கொண்டுவந்தது. நிகழ்ச்சியின் கூடாரமும் போட்டி முறையும் மாறாதபோது, சேனல் மட்டும் மாறினால் என்னென்ன மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

பெரிய சேனல்களை அறிந்த பின் அவற்றின் துணைச் சேனல்களுக்கு வாருங்கள். அங்கே இலக்குப் பார்வையாளரின் வயது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். லவ் ஐலண்ட் வரும் ஐடிவி2-வும், சேனல் 4-இன் துணையான ஈ4-உம் இளையோருக்கானவை. பழைய துப்பறியும் தொடர்களை மறுஒளிபரப்பும் ஐடிவி3 மூத்தவர்களுக்கானது. சந்தேகம் இருந்தால், நிகழ்ச்சியை விட்டுவிட்டு இடைவேளையைக் கவனியுங்கள். காது கேட்கும் கருவி, கப்பல் சுற்றுலா, இறுதிச் சடங்குச் செலவுக்கான முன்பணத் திட்டம் ஆகியவை அடுத்தடுத்து வந்தால், அந்த நேரத்தில் யார் பார்ப்பதாகச் சேனல் கருதுகிறது என்று தெரிந்துவிடும். பிபிசியில் இந்தத் தடயம் கிடைக்காது. அங்கே சேனலின் பெயரே வழிகாட்டி. பிபிசி த்ரீ இளைஞர்களுக்கானது. 2016-இல் அதை இணையத்துக்கு மட்டும் மாற்றிய பிபிசி, 2022-இல் மீண்டும் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. பிபிசி ஃபோர் கலை, வரலாறு, இசை, அயல்மொழி நாடகங்களுக்கானது.

குழந்தைகள் உள்ள வீடுகள் நேரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான சிபீபீஸ், மாலை ஏழு மணிக்குச் சற்று முன்பு ஒரு தூக்கநேரக் கதையைச் சொல்லிவிட்டு நிறைவடைகிறது. அதே அலைவரிசை இடத்தில் பிறகு பிபிசி ஃபோர் தொடங்குகிறது. பெரிய குழந்தைகளுக்கான சிபிபிசிக்குப் பின் பிபிசி த்ரீ வருவதும் இதே முறையில்தான். பொது சேனல்களில் இரவு ஒன்பது மணி என்பது ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் காக்கும் எல்லை; குழந்தைகளுக்குப் பொருந்தாத வன்முறை, பாலியல் காட்சிகள், கடும் வசைச்சொற்கள் அதற்கு முன் வரக்கூடாது. ஒன்பதுக்குப் பின் தொலைக்காட்சி ஓடும் அறையில் சிறுவர்கள் இருப்பார்களா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

செய்தி பார்ப்பவர்கள் ஒரு மாலையைச் சோதனைக்காக ஒதுக்கலாம். ஆறு மணிக்கு பிபிசி ஒன், ஆறரைக்கு ஐடிவி, ஏழுக்கு சேனல் 4 என்று மாற்றிப் பாருங்கள். அதே நிகழ்வை எந்த வரிசையில், எவ்வளவு நேரம், யாருடைய குரலில் சொல்கிறார்கள் என்பதைக் கவனித்தால், சேனல் 4 குறைவான செய்திகளை எடுத்து நீண்ட நேர்காணல்களுக்கு இடம் தருவது புலப்படும்.

விளையாட்டில் நிலைமை கடினமானது. ஒலிம்பிக், உலகக் கோப்பைக் கால்பந்து போன்ற சில போட்டிகளை இலவச சேனல்களுக்கு விதிகள் காத்துவைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் நடக்கும் டெஸ்ட் கிரிக்கெட் நேரலையோ 2006 முதல் கட்டணச் சேனலான ஸ்கையிடம் சென்றுவிட்டது. 2019 உலகக் கோப்பை கிரிக்கெட் இறுதியாட்டம் சேனல் 4-இலும் இலவசமாக வந்தது ஒரு விதிவிலக்கு. வேல்ஸில் வசிப்பவர்களுக்கு வெல்ஷ் மொழியில் எஸ்4சி, ஸ்காட்லாந்தில் கேலிக் மொழியில் பிபிசி ஆல்பா உண்டு.

பார்க்கத் தொடங்கும் முன் உரிமத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் அதன் ஆண்டுக் கட்டணம் 174.50 பவுண்டாக இருந்தது. பிபிசி நிகழ்ச்சிகளை அதன் இணையச் சேவையான ஐபிளேயரில் பார்ப்பதற்கும், எந்த சேனலையானாலும் எந்தக் கருவியிலானாலும் நேரலையாகப் பார்ப்பதற்கும் அது கட்டாயம். சென்னையிலிருந்து ஒளிபரப்பாகும் ஒரு தமிழ் சேனலைக் கைபேசியில் நேரலையாகப் பார்ப்பதும் இந்த விதிக்குள் அடங்கும். ஐடிவி, சேனல் 4 ஆகியவற்றின் செயலிகளில் பழைய நிகழ்ச்சிகளை மட்டும் பார்ப்பவருக்கு உரிமம் தேவையில்லை.