ஒற்றை நடைவழி விமானத்தில் இருக்கையைத் தேர்ந்தெடுப்பதும் நெரிசலின்றி ஏறி அமர்வதும்

சென்னையிலிருந்து தில்லிக்கோ மும்பைக்கோ செல்லும் உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலானவை ஏர்பஸ் ஏ320 குடும்பத்தையோ போயிங் 737 குடும்பத்தையோ சேர்ந்தவை. இரண்டிலும் நடுவே ஏறத்தாழ அரை மீட்டர் அகலமுள்ள ஒரே நடைவழியும், அதன் இருபுறமும் மும்மூன்று இருக்கைகளும் இருக்கும். ஏ320இல் வழக்கமாக அமரும் 180 பேரும் அந்த ஒரு வழியில்தான் வந்து, பையை மேலே ஏற்றி, தத்தம் இடத்தில் உட்கார வேண்டும். ஏறும்போது நேரும் நெருக்கடிக்கும், உட்கார்ந்த பின் முழங்கால் இடிப்பதற்கும் இந்த அமைப்பே மூலகாரணம் என்பதால், அதை ஓரளவு அறிந்துகொண்டால் கூடுதல் பணம் செலுத்தாமலே பயணத்தைப் பெருமளவு இலகுவாக்கிக்கொள்ளலாம்.

இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போது

பயணச்சீட்டு வாங்கும் பக்கத்தில் விமானத்தின் வகை குறிப்பிடப்பட்டிருக்கும். முதலில் அதைப் பாருங்கள். ஏ320இன் உட்புற அகலம் சுமார் 3.70 மீட்டர், 737இன் உட்புற அகலம் சுமார் 3.54 மீட்டர். இந்த 16 சென்டிமீட்டர் வேறுபாடு ஆறு இருக்கைகளுக்குப் பகிரப்படுவதால், ஏ320இல் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ ஓர் அங்குலம் கூடுதலாகக் கிடைக்கிறது. ஒரே கட்டணத்தில் இரண்டும் கிடைக்கும்போது, தோள் அகன்றவர்கள் ஏ320ஐத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அடுத்துப் பார்க்க வேண்டியது சீட் பிட்ச் எனப்படும் அளவு. ஓர் இருக்கையின் ஏதேனும் ஒரு புள்ளியிலிருந்து அதற்கு முன்னுள்ள இருக்கையின் அதே புள்ளி வரையுள்ள தூரம் அது. குறைந்த கட்டண நிறுவனங்களில் இது பெரும்பாலும் 28 முதல் 30 அங்குலம் வரை இருக்கும். இதில் முதுகுச் சாய்மானத்தின் தடிமனும் அடக்கம் என்பதால், ஒரே 29 அங்குலம் இரு விமானங்களில் இரு விதமாக உணரப்படும். மெல்லிய சாய்மானமும், இதழ்கள் வைக்கும் பையை முழங்கால் உயரத்திலிருந்து மடக்கு மேசைக்கு மேலே மாற்றிய அமைப்பும் உள்ள புதிய இருக்கைகளில், அளவு குறைவாக இருந்தாலும் காலுக்கு இடம் சற்றுக் கூடுதலாகவே கிடைக்கும்; அதற்கு ஈடாக மெத்தை மெலிந்திருப்பதால், மூன்று மணி நேரப் பயணத்தில் இடுப்புக்குப் பின்னால் வைக்க ஒரு சால்வை உதவும். பயணி தன் உடலுக்குப் பொருந்துமா என்று முடிவுசெய்ய இன்றியமையாத இந்த அளவை, ஒவ்வொரு நிறுவனமும் முன்பதிவுப் பக்கத்திலேயே தெளிவாக அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஜன்னலோர இருக்கைக்குப் பணம் செலுத்தியும் அருகில் வெறும் சுவரே இருந்தது என்று பலர் வருந்துவதற்கு, விமானக் கட்டமைப்பில் காரணம் உண்டு. ஏ320இன் உடற்கூட்டில் சட்டங்கள் 21 அங்குலத்துக்கு ஒன்றாகப் பொருத்தப்பட்டு, ஜன்னல்கள் அவற்றின் இடைவெளிகளில் அமைக்கப்படுகின்றன. இருக்கைகளோ தரையில் பதித்த தண்டவாளங்களில், ஓர் அங்குலத்துக்கு ஒன்றாக உள்ள துளைகளில் பூட்டப்படுகின்றன. வரிசைகளுக்கு இடையே எத்தனை அங்குலம் விட வேண்டும் என்பதை விமான நிறுவனமே முடிவுசெய்கிறது. 21 அங்குல ஒழுங்கும் 29 அங்குல ஒழுங்கும் ஒன்றோடொன்று பொருந்த வழியில்லாததால், சில வரிசைகளில் ஜன்னல் தோளுக்குப் பின்னாலும் சிலவற்றில் முகத்துக்கு மிக முன்னாலும் விழுகிறது. வெளிக்காட்சி முக்கியமானால், இருக்கை வரைபடத்தில் ஜன்னல் இல்லாத வரிசை என்ற குறிப்பு உள்ளதா என்று பார்த்த பிறகே பணம் செலுத்துங்கள்.

சாயும் இருக்கை வேண்டுவோர் அவசர வழிகளின் இடத்தைக் கவனிக்க வேண்டும். பாதி வழிகள் மட்டுமே திறந்த நிலையிலும் 90 விநாடிகளுக்குள் அனைவரும் வெளியேற முடியும் என்று நிரூபித்த பின்னரே ஒரு விமான வகைக்குச் சான்றளிக்கப்படுகிறது. ஆகவே அந்த வழிகளை மறிக்கக்கூடிய எந்தச் சாய்மானமும் பூட்டப்பட்டிருக்கும். ஏ320இல் இறக்கைக்கு மேல் இரண்டு அவசர வரிசைகள் அடுத்தடுத்து அமைந்திருப்பதால், அவற்றில் முன்னுள்ள வரிசை பொதுவாகச் சாயாது. அதற்கும் முன்னுள்ள வரிசையும் பல நேரம் சாயாது. கால் நீட்டவும் வேண்டும், சாயவும் வேண்டும் என்போருக்கு இரண்டாவது அவசர வரிசையே ஏற்றது. சிறுவர், கர்ப்பிணிகள், கதவைத் திறந்து உதவ இயலாதவர்கள் ஆகியோருக்கு அந்த வரிசைகளில் இடம் தரப்படாது. விமானத்தின் முதல் வரிசையில் எதிரே இருக்கை இல்லாததால், கீழே பை வைக்க முடியாது. மேசை கைப்பிடிக்குள் மடிந்திருப்பதால் கைப்பிடியைத் தூக்கவும் இயலாது.

குழந்தையுடன் செல்வோர் பக்கத்து இருக்கைக்காகப் பதற வேண்டியதில்லை. 12 வயது வரையுள்ள குழந்தைக்கு, அதே பயணப் பதிவில் உள்ள பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒருவரின் அருகிலேயே இடம் தர வேண்டும் என்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஏப்ரலில் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே குடும்பத்தினர் அனைவரையும் ஒரே பதிவில் சேருங்கள்.

மூட்டுவலி உள்ள பெற்றோருக்கு நடைவழியோர இருக்கையே உகந்தது. பல விமானங்களில் அந்த ஓரக் கைப்பிடியின் அடிப்புறத்தில், கீலுக்கு அருகே, கண்ணுக்குத் தெரியாத சிறு பொத்தானோ நெம்புகோலோ இருக்கும். அதை அழுத்தினால் கைப்பிடி மேலே எழும். பக்கவாட்டில் நகர்ந்து அமரவும், எழவும் முதியவர்களுக்கு இது பேருதவியாக இருக்கிறது. விமானம் புறப்படும்போதும் தரையிறங்கும்போதும் அதைக் கீழே இறக்கிவிட வேண்டும். தெரியாவிட்டால் பணிப்பெண்ணிடம் கேளுங்கள், தயக்கமின்றிக் காட்டுவார்கள்.

ஏறும்போது

நெரிசல் உண்மையில் எங்கே உண்டாகிறது என்பதை ஜேசன் ஸ்டெஃபன் என்ற அமெரிக்க வானியற்பியலாளர் 2008இல் கணித முறையில் ஆராய்ந்தார். பின்னர் 12 வரிசைகள் கொண்ட மாதிரி விமான அறையில் 72 பேரை வெவ்வேறு முறைகளில் ஏற்றிப் பார்த்தபோது, பின்வரிசைகளிலிருந்து முன்னோக்கி அழைத்த முறை 6 நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டது; எந்த ஒழுங்கும் இல்லாமல் ஏறியவர்களோ 5 நிமிடத்துக்குள் அமர்ந்துவிட்டார்கள். முதலில் ஜன்னலோரம், பிறகு நடு, பிறகு நடைவழியோரம் என்ற வரிசை அதைவிட விரைவாக இருந்தது. பின்வரிசைக்காரர்களை ஒருசேர அழைக்கும்போது அடுத்தடுத்த வரிசையினர் ஒரே இடத்தில் குவிந்து, ஒருவர் பையை ஏற்றும் வரை மற்ற அனைவரும் நிற்க வேண்டியிருப்பதே தாமதத்தின் காரணம். அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவனம் 2023 அக்டோபரில் ஜன்னலோர முறைக்குத் திரும்பியது. நம் ஊர் கேட்டில் எந்த முறையில் அழைத்தாலும், நடைவழியில் நீங்கள் நிற்கும் நேரத்தைக் குறைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

அதற்கான ஆயத்தம் காத்திருப்புக் கூடத்திலேயே தொடங்க வேண்டும். கண்ணாடி, மாத்திரை, இயர்போன், தண்ணீர் பாட்டில் என்று பறக்கும்போது தேவைப்படுபவற்றை ஒரு சிறு பையில் தனியே எடுத்துவைத்துவிட்டு, பெரிய பையை முழுமையாக மூடிவிடுங்கள். உள்ளே சென்றதும் பெரியது மேலே, சிறியது எதிர் இருக்கைக்குக் கீழே. பழைய மேற்பெட்டிகளில் சக்கரம் உள்நோக்கி இருக்குமாறு பையைப் படுக்கவையுங்கள். புதிய பெரிய பெட்டிகளில் புத்தகத்தை அடுக்குவதுபோல் பக்கவாட்டில் நிறுத்தினால் அனைவரது பைகளுக்கும் இடம் கிடைக்கும். உங்கள் வரிசைக்கு மேலோ அதற்குச் சற்று முன்னாலோ மட்டுமே வையுங்கள். பின்னால் வைத்துவிட்டால், இறங்கும்போது கூட்டத்தை எதிர்த்துச் செல்ல முடியாமல் கடைசிவரை காத்திருக்க நேரிடும். பையைத் தூக்கச் சில விநாடிகள் ஆகும் என்று தோன்றினால், முதலில் உங்கள் வரிசைக்குள் ஒதுங்கி, பின்னால் நிற்பவர்களுக்கு வழிவிடுங்கள். நடைவழியோரத்தில் இருப்பவர் உள்ளே அமர வேண்டிய இருவரும் வந்து சேரும்வரை பெல்ட் போடாமல் இருப்பது நல்லது.

உள்நாட்டுப் பயணத்தில் கைப்பைக்கு வழக்கமான வரம்பு 7 கிலோ. மேற்பெட்டிகள் நிரம்பிவிட்டால், கேட்டிலேயே பையை வாங்கிச் சரக்குப் பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிக் கேட்டால், கொடுக்கும் முன் பவர் பேங்க், மருந்து, நகை, ஆவணங்கள் ஆகியவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது என்பதால் பவர் பேங்க் சரக்குப் பகுதிக்குச் செல்லவே கூடாது. மேலே வைக்கப் பை இல்லாதவர் கேட்டில் முதல் ஆளாக வரிசையில் நிற்பதால் எந்தப் பயனும் இல்லை. போர்டிங் பாஸில் உள்ள கேட் மூடும் நேரத்தைத் தவறவிடாமல், கூட்டம் கலைந்த பிறகு செல்லலாம்.

பஸ்ஸில் அழைத்துச் சென்று படிக்கட்டு வழியாக ஏற்றும்போது, பெரும்பாலும் முன்கதவு, பின்கதவு இரண்டும் திறந்திருக்கும். 30 வரிசைகள் உள்ள விமானத்தில் 16ஆம் வரிசைக்குப் பின்னால் இடம் உள்ளவர்கள் பின்படிக்கட்டைப் பயன்படுத்தினால், நடுவில் இரு கூட்டமும் முட்டிக்கொள்ளாது.

சென்னையிலிருந்து தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற குறுந்தூரத் தடங்களில் வரும் சிறிய புரொப்பெல்லர் விமானமான ஏடிஆர் 72க்கு இவற்றில் சில பொருந்தாது. அதில் பக்கத்துக்கு இரண்டு இருக்கைகளே இருப்பதால் நடு இருக்கை என்பதே இல்லை. விமானி அறைக்கும் பயணிகள் பகுதிக்கும் நடுவே சரக்கு அறை இருப்பதால், பயணிகள் பின்கதவு வழியாகவே ஏறி இறங்குகிறார்கள். ஆகவே சீக்கிரம் இறங்க விரும்புவோர் கடைசி வரிசைகளைக் கேட்டு வாங்க வேண்டும். புரொப்பெல்லரின் இரைச்சலும் அங்கே குறைவு. மேற்பெட்டிகள் சிறியவை என்பதால், சக்கரம் வைத்த கெட்டியான பையைச் செக்-இன் கவுண்ட்டரிலேயே கொடுத்துவிட்டு, எதிர் இருக்கைக்குக் கீழே அடங்கும் துணிப்பை ஒன்றை மட்டும் உடன் கொண்டு செல்லுங்கள்.