கழுத்துச் சிவப்புக்குப் பிளேடைத் திட்டாதீர்கள்

சவரம் பழகத் தொடங்கியவர்களின் கழுத்தைப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். தாடைக்குக் கீழே, குரல்வளைக்கு இரண்டு பக்கமும், சிவப்பாகப் பொரிந்திருக்கும். காலர் உரசுகிற இடத்துக்குக் கை அடிக்கடி போய்வரும். கேட்டால், "பிளேடு சரியில்லை" என்பார்கள். அடுத்த வாரம் பிளேடு மாறியிருக்கும். சிவப்பு அப்படியே இருக்கும். அதற்கடுத்து கிரீம் மாறும். கடைசியில் ரேஸரே மாறும், அதுவும் மூன்று பிளேடு இருந்த இடத்தில் ஐந்து பிளேடு வைத்ததாக. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

காய்ந்த முகத்தில் வழிப்பதும் அவசரத்தில் வெட்டிக்கொள்வதும் தவறு என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சரியாகத்தான் செய்கிறோம் என்ற நினைப்பிலேயே செய்கிறவை சில இருக்கின்றன. தோலைப் பாடாய்ப்படுத்துவது அவைதான்.

ஈரம் பட்டால் போதும் என்று நினைப்பது

முகத்தில் இரண்டு கை தண்ணீர் அடித்துக்கொண்டு உடனே கிரீமைத் தடவுகிறார்கள். தோல் நனைந்திருக்கும், முடி நனைந்திருக்காது. தாடி முடி தண்ணீரை உறிஞ்சி உப்பினால்தான் விறைப்பு குறையும். அதற்கு 2 முதல் 3 நிமிடம் பிடிக்கும். முடியின் மேல் எண்ணெய் படிந்திருந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது. அதனால் முதலில் மென்மையான ஃபேஸ்வாஷ் போட்டுக் கழுவிவிட வேண்டும். குளித்து முடித்த கையோடு சவரம் செய்தால் இந்த வேலை தானாகவே முடிந்திருக்கும். இல்லையென்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைத் தாடையிலும் கழுத்திலும் வைத்துக்கொண்டு 3 நிமிடம் சும்மா நிற்க வேண்டியதுதான். தண்ணீர் சூடாக இருக்கக் கூடாது. சவரத்துக்கு முன்பே தோல் சிவந்துபோனால் பிறகு எது யார் செய்த வேலை என்றே தெரியாது.

நுரைக்கு இரண்டு வேலை. ஊறிய முடியைக் காயவிடாமல் வைத்திருக்க வேண்டும், பிளேடு வழுக்கிப் போக வழிவிட வேண்டும். பஞ்சு மாதிரிப் பொங்கி நிற்கும் நுரை பார்வைக்கு அழகு, உள்ளே வெறும் காற்று. சுட்டுவிரல் நுனி அளவு கிரீமை எடுத்து, பிரஷில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்து, தயிர்ப் பதத்துக்குப் பளபளப்பாக வரும்வரை சுழற்றுங்கள். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் வழுக்க வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் தண்ணீர் போதவில்லை. தடவியபின் ஒரு நிமிடமாவது விட்டுவிட்டுப் பிளேடை எடுங்கள். குளியல் சோப்பு நுரை பாதிக் கன்னத்துக்குள் அடங்கிவிடும், அதை நம்ப முடியாது.

கழுத்தில் முடியின் போக்கைத் தெரிந்துகொள்ளாமல் இழுப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் வருகிற தவறு இது. இதற்குப் பாதிக் காரணம் அரைகுறை அறிவுரை. "மேலிருந்து கீழாக இழு, அதுதான் முடி வளரும் போக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கன்னத்துக்கு அது பெரும்பாலும் சரி. கழுத்துக்கு அப்படி ஒரே விதி கிடையாது. பலருக்குத் தாடைக்கு அடியில் கீழ்நோக்கி இறங்கும் முடி, நடுக்கழுத்தில் காதுப் பக்கமாகச் சாயும். அடிக்கழுத்தில் மேல்நோக்கித் திரும்பும். சிலருக்குத் தாடையோரத்தில் சுழியே இருக்கும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆக, அறிவுரைப்படி ஒழுங்காக மேலிருந்து கீழே இழுத்தவர், அடிக்கழுத்தில் தன்னையறியாமல் எதிர்ப்போக்கில் வழித்திருப்பார். சிவப்பு அங்கேதான் முதலில் தெரியும்.

எதிர்ப்போக்கில் இழுக்கும்போது பிளேடு முடியைத் தூக்கி, வேரோடு கொஞ்சம் வெளியே இழுத்து, பிறகுதான் வெட்டுகிறது. வெட்டுப்பட்ட முடி பின்வாங்கித் தோலின் மட்டத்துக்குக் கீழே போய்விடும். சாய்வாக வெட்டப்பட்ட அதன் நுனி ஊசி மாதிரி இருக்கும். வளரும்போது வெளிவாசல் தெரியாமல் பக்கச் சுவரைக் குத்தும், அல்லது வெளியே வந்து வளைந்து மறுபடி தோலுக்குள் இறங்கும். உடம்புக்கு அது முள் குத்தியது போலத்தான். வீங்கும், பொரியும், சீழ் வைக்கும். சுருட்டை முடிக்காரர்களுக்கு வேர்ப்பையே வளைந்திருப்பதால் இந்தத் தொல்லை அதிகம். பல பிளேடு ரேஸரில் முன்னால் போகும் பிளேடு முடியை இழுத்துக் கொடுக்க, பின்னால் வருவது இன்னும் கீழே நறுக்கும். விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லப்படும் அந்த நெருக்கம், இந்தக் கழுத்துக்கு வினை. தோலை விரலால் இறுக்கி இழுத்துக்கொண்டு வழிப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. பிடியை விட்டதும் முடி உள்ளே பதுங்கிவிடும்.

இத்தனையும் எதற்காக? வழித்து முடித்ததும் புறங்கையைக் கழுத்தில் கீழிருந்து மேலாகத் தடவிப் பார்க்கிறார்கள். சொரசொரப்பு தட்டுகிறது. நுரை போயிருக்கும், இருந்தாலும் அந்த இடத்தில் மட்டும் இன்னொரு இழுப்பு. மறுபடி தடவல், மறுபடி இழுப்பு. ஒவ்வொரு இழுப்பிலும் முடியோடு தோலின் மேலடுக்கும் சேர்ந்து வழிந்து போகிறது. தாடி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.4 மி.மீ. வளர்கிறது. அப்படிப் பாடுபட்டுச் சேர்த்த மழமழப்பு சாயங்காலத்துக்குள் காணாமல் போகும். உள்ளே வளைந்த முடி போட்ட கட்டி வாரக்கணக்கில் நிற்கும். மாநிறத்திலும் கருநிறத்திலும் அது ஆறியபின் விட்டுச்செல்லும் கருந்தழும்பு மங்க மாதங்கள் ஆகும்.

செய்ய வேண்டியது ஒரு முறை செய்தால் போதுமான வேலை. இரண்டு நாள் தாடியை வளரவிடுங்கள். கழுத்தை ஐந்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: தாடைக்கு அடி, இடப்பக்கம், வலப்பக்கம், குரல்வளையைச் சுற்றி, அடிக்கழுத்து. ஒவ்வொன்றிலும் விரல் நுனியால் மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு பக்கமும் தடவுங்கள். எந்தப் பக்கம் தடவும்போது வழவழவென்று போகிறதோ அதுதான் முடியின் போக்கு. தாளில் முகத்தை ஒரு வட்டமாகக் கிறுக்கி, அதில் அம்புக்குறி போட்டு, கண்ணாடியோரம் ஒட்டிவையுங்கள். சிரிப்பாக இருக்கும். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பவர்கள் இடதையும் வலதையும் கண்ணாடி முன் மாற்றிக் குழப்பிக்கொள்வார்கள்.

அடுத்த சவரத்தில் முதல் சுற்று அம்புக்குறி காட்டும் பக்கமாகவே போகட்டும். இழுப்பு 2 அல்லது 3 செ.மீ. போதும். இரண்டு இழுப்புக்கு ஒரு முறை பிளேடைத் தண்ணீரில் அலசுங்கள். இரண்டாம் சுற்று வேண்டுமென்றால் மறுபடி நுரை தடவி, போக்குக்குக் குறுக்காக. கழுத்து அமைதியாகும்வரை, குறைந்தது மூன்று வாரம், அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எதிர்ப்போக்குச் சுற்று கன்னத்துக்கு மட்டும், அதுவும் தோல் தாங்கினால். குரல்வளையின் மேல் வழிக்கும்போது தோலை ஒரு பக்கமாக நகர்த்திச் சமதளமாக்கிக்கொள்ளலாம். நகர்த்துவது வேறு, இறுக்குவது வேறு. முடித்தபின் தடவிப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் முடியின் போக்கில் தடவிப் பாருங்கள்.

அழுத்தம்

கார்ட்ரிட்ஜ் ரேஸரின் தலை ஆடும், வளைந்து கொடுக்கும். கொஞ்சம் அழுத்தினாலும் பொறுத்துக்கொள்ளும். அந்தக் கையோடு இரட்டை முனை பிளேடு போடும் சேஃப்டி ரேஸருக்கு வருகிறவர்கள் முதல் நாளே ரத்தம் பார்க்கிறார்கள். அந்த ரேஸருக்கு அதன் எடையே போதும். கைப்பிடியின் அடிப்பாகத்தை விரல் நுனிகளால் பிடியுங்கள். அழுத்த நினைத்தாலும் அழுத்த வராது. தலையின் மேல்மூடியைக் கன்னத்தில் படுக்கவைத்துத் தொடங்கி, பிளேடு முடியைத் தொடும் சத்தம் வரும்வரை கைப்பிடியை மெல்லக் கீழே இறக்குங்கள். பிளேடுக்கும் தோலுக்கும் நடுவில் சுமார் 30 பாகைக் கோணம் கிடைக்கும். தாடை வளைவில் அந்தக் கோணம் மாறாமல் மணிக்கட்டு திரும்ப வேண்டும், அதற்குத்தான் பழக்கம் தேவை. வழிப்பதற்கு அழுத்தம் கேட்கிற பிளேடு, தூக்கிப் போட வேண்டிய பிளேடு.

பிளேடின் ஆயுள்

ஐந்து முதல் ஏழு சவரம். அதற்கு மேல் கஞ்சத்தனம்.

பிளேடைத் துண்டால் துடைப்பது

முனை மழுங்கும், விரலும் அறுபடும். அலசி, உதறி, ஈரமில்லாத இடத்தில் வைத்தால் போதும்.

எரிந்தால்தான் வேலை செய்கிறது என்ற நம்பிக்கை

மேலடுக்கு போன தோலில் ஆல்கஹால் கலந்த ஆஃப்டர் ஷேவைக் கொட்டினால் எரியத்தான் செய்யும். அந்த எரிச்சலுக்கு மருத்துவ குணம் எதுவும் கிடையாது. ஆல்கஹால் தோலை இன்னும் காயவைக்கும், வாசனைப் பொருள் சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். குளிர்ந்த நீரில் கழுவி, ஒற்றி எடுத்து, ஈரம் முழுதும் காய்வதற்குள் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் தடவினால் வேலை முடிந்தது.

படிகாரம் வேறு ரகம். கட்டியை நனைத்து முகத்தில் ஒரு முறை லேசாக ஓட்டி, அரை நிமிடம் விட்டுக் கழுவிவிடலாம். சிறு கீறல்களில் ரத்தம் நிற்கும். அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு: எங்கே சுரீரென்கிறதோ அங்கேதான் உங்கள் கை அழுத்தியிருக்கிறது, அல்லது போக்கு தவறியிருக்கிறது. அம்புக்குறித் தாளை எடுத்து அந்த இடத்தை மறுபடி சரிபாருங்கள். படிகாரத்தைக் கழுவாமல் விட்டால் தோல் வறண்டு இழுக்கும்.

முகப்பருவுக்கு ரெட்டினாய்டு, அமிலக் கிரீம் போடுகிறவர்கள் சவரத்துக்கு முந்தைய இரவும் அன்றைய இரவும் அவற்றைத் தள்ளிவைப்பது நல்லது.

பொரிந்ததன் மேலேயே வழிப்பது, கிள்ளுவது

சவரம் முடிந்த சில நிமிடங்களில் சிவந்து எரிந்து, ஓரிரு நாளில் அடங்கினால் அது வெறும் சவர எரிச்சல். குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடமும் மாய்ஸ்சரைசரும் போதும். ஓரிரு நாள் கழித்து முடிக்கால்களில் பரு மாதிரிக் கிளம்பினால் முடி உள்ளே வளர்கிறது என்று பொருள். அதன் மேல் மறுபடி பிளேடு ஓட்டினால் கட்டியின் தலை சீவப்பட்டுப் புண்ணாகும். மூன்று நான்கு வாரம் பிளேடுக்கு விடுமுறை கொடுங்கள். முடி நீண்டால் பெரும்பாலானவை தாமாகவே வெளியே வந்துவிடும். தாடியோடு நிற்க முடியாத வேலையென்றால் ட்ரிம்மரில் 1 மி.மீ. விட்டு வெட்டிக்கொள்ளலாம். அது தோலின் மட்டத்துக்குக் கீழே போகாது.

வளையம் போல மேலே தெரியும் முடியை, சுத்தம் செய்த ஊசி நுனியால் மெல்ல நெம்பி விடுவிக்கலாம். பிடுங்கக் கூடாது. பிடுங்கிய இடத்தில் புது முடி உள்ளிருந்தே தொடங்கும், நிம்மதி கொஞ்ச நாள்தான். சீழ் பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கட்டி கெட்டித் தழும்பாக வளர்ந்தாலோ தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வட்டமாகச் செதில் உதிர்ந்து அரித்தால் அது தாடியில் வரும் படர்தாமரையாக இருக்கலாம். அதற்குச் சவர முறையை எவ்வளவு திருத்தினாலும் பலன் இல்லை.

இரவல் ரேஸர்

கண்ணுக்குத் தெரியாத ரத்தம் போதும், மஞ்சள் காமாலை வைரஸ் ஒட்டிக்கொள்ள. வேண்டாம்.

எலக்ட்ரிக் ஷேவரை ஒரே வாரத்தில் ஒதுக்குவது

பிளேடுக்குப் பழகிய தோலுக்கு இது பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதற்குள் ஒரு நாள் பிளேடு, ஒரு நாள் ஷேவர் என்று மாற்றினால் இரண்டின் கெடுதலும் சேர்ந்துவரும். ஈரத்துக்கென்று செய்யப்படாத ஷேவருக்கு முகம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். வியர்வை இருந்தாலே தோலைக் கவ்வும். சல்லடைத் தலையுள்ளதை நேர்கோட்டிலும், சுழலும் தலையுள்ளதைச் சிறு வட்டங்களாகவும் ஓட்ட வேண்டும். தலை சூடாகிவிட்டால் நிறுத்திவிட்டு ஆறவிடுங்கள்.

அக்குள்

முடி இரண்டு மூன்று பக்கமாகப் பிரிந்து வளரும், எனவே ஒரே பக்கமாக இழுத்தால் பாதி எதிர்ப்போக்குதான். கையை நன்றாக மேலே தூக்கி, குழி சமமானதும் குட்டி இழுப்புகளாக எடுங்கள். இரவில் செய்துவிட்டு டியோடரண்டை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.